முதலில் கேட்கும் காதுகள்: குமரி மாவட்டப் பள்ளிகளில் பாதுகாப்பு வகுப்பு எடுக்க வருபவர்களுக்கு

பாலியல் துன்புறுத்தலிலிருந்து தங்களைக் காத்துக்கொள்ளப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பாதுகாப்பு வகுப்பை எடுக்கத் தொடங்கிய காலத்தில் நான் ஒரு பெரிய தவறு செய்தேன். ஐந்தாம் வகுப்பு, வெள்ளிக்கிழமை, கடைசிப் பீரியட். பாடம் நன்றாகத்தான் போனது. முடிவில், "இப்படி யாருக்காவது நடந்திருக்கிறதா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். பின்வரிசையில் ஒரு சிறுமி கையைப் பாதி உயர்த்தினாள். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்ததும் இறக்கிக்கொண்டாள். மணி அடித்தது, வேன் வந்தது, அவள் போய்விட்டாள். திங்கள்கிழமை தேடிப் போனேன். "ஒன்றும் இல்லை டீச்சர்" என்றாள். அவள் வாய் திறக்கப் பல வாரங்கள் ஆயின. அந்த வாரங்களில் அவள் என்ன பட்டிருப்பாள் என்பதை நினைக்காமல் இன்றுவரை நான் ஒரு வகுப்புக்குள் நுழைந்ததில்லை.

பிள்ளைகளுக்குச் சொல்லக் கற்றுக்கொடுப்பது கடினமான வேலை அல்ல. நாற்பது நிமிடத்தில் கற்றுக்கொடுத்துவிடலாம். சொன்னால் கேட்பதற்கு ஓர் ஆளை, கேட்டபின் செய்ய வேண்டியதைச் செய்யும் ஓர் ஆளைத் தயார் செய்வதுதான் கடினம். அந்த ஆள் தயாராகாத பள்ளியில் வகுப்பு எடுக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. அதனால் இந்த வழிகாட்டியில் வகுப்பறை கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

பள்ளிக்குள் போகும் முன்

தலைமை ஆசிரியரைத் தனியாகச் சந்தியுங்கள். அனுமதிக் கடிதத்தை நீட்டிவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அரை மணி நேரம் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்வியைக் கேளுங்கள்: "வகுப்பு முடிந்தபின் ஒரு பிள்ளை வந்து சொன்னால், அன்று மாலைக்குள் யார் என்ன செய்வார்கள்?" பெரும்பாலும் கிடைக்கும் பதில், "முதலில் நாங்கள் விசாரிப்போம்" என்பதாக இருக்கும். அங்கேதான் சட்டத்தைச் சொல்ல வேண்டும்.

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அதாவது போக்சோ, 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கிறது. 18 வயது நிறையாத எல்லோரும், ஆணோ பெண்ணோ, இந்தச் சட்டத்தின்படி குழந்தைதான். குற்றம் நடந்ததாக அறிந்த எவரும் காவல்துறைக்குத் தகவல் தர வேண்டும் என்று 19-ஆம் பிரிவு கட்டாயமாக்குகிறது. தராவிட்டால் 6 மாதம் வரை சிறை அல்லது அபராதம். தனக்குக் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைக்கும் நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறை. விசாரித்து உண்மையைக் கண்டுபிடிக்கும் பொறுப்பைச் சட்டம் ஆசிரியருக்குக் கொடுக்கவில்லை, தெரிவிக்கும் பொறுப்பைத்தான் கொடுத்திருக்கிறது. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மீது வழக்குப் போட முடியாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. தயங்கும் ஆசிரியர்களிடம் இந்தக் கடைசி வரியை அழுத்திச் சொல்லுங்கள். அவர்கள் தயக்கத்துக்குக் காரணம் பெரும்பாலும் கல்நெஞ்சம் அல்ல, பயம்தான்.

பிறகு ஊழியர்கள் எல்லோரையும் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். எல்லோரும் என்றால் சத்துணவு சமைப்பவர், துப்புரவுப் பணியாளர், காவலர், வேன் ஓட்டுநர், உடற்கல்வி ஆசிரியர் எல்லோரும். பிள்ளைகள் மனதில் இருப்பதை முதலில் சொல்வது வகுப்பு ஆசிரியரிடம்தான் என்று நினைக்க வேண்டாம். சோறு பரிமாறும் அக்காவிடம் சொல்லியிருப்பார்கள். அவர், "போய்ப் படி மக்களே" (இங்கே பிள்ளையை அப்படித்தான் அழைப்பார்கள்) என்று அனுப்பிவிட்டிருந்தால் அந்தக் கதவு அன்றே மூடிவிடும்.

இந்தக் கூட்டத்தின் முடிவில் மூன்று வேலைகள் முடிந்திருக்க வேண்டும். பிள்ளைகள் அணுகுவதற்கென்று இரண்டு பேரைப் பள்ளி தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும், இருவரில் யாரிடம் போவது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். பிள்ளைகள் தங்கள் புகாரை எழுதிப் போட அரசுப் பள்ளிகளில் வைக்கப்பட்ட 'மாணவர் மனசு' பெட்டி எங்கே இருக்கிறது, சாவி யாரிடம், எத்தனை நாளுக்கு ஒருமுறை திறக்கிறார்கள் என்று பார்த்திருக்க வேண்டும். அலுவலக அறையின் வாசலில், எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் பெட்டி இருந்தால் அதில் யாரும் எதுவும் போட மாட்டார்கள். கழிப்பறைக்குப் போகும் வழியிலோ மாடிப்படி ஓரத்திலோ மாற்றச் சொல்லுங்கள். மூன்றாவது, 1098, 14417 ஆகிய எண்களோடு, பக்கத்து மகளிர் காவல் நிலையம், நாகர்கோவிலில் உள்ள மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குழந்தைகள் நலக் குழு ஆகியவற்றின் எண்களும் ஒரு தாளில் எழுதப்பட்டிருக்க வேண்டும். 1098 குழந்தைகள் உதவி எண், இரவும் பகலும் கட்டணமில்லாமல் பேசலாம். 14417 பள்ளிக் கல்வித்துறையின் உதவி எண்.

ஊரைத் தெரிந்துகொண்டு போங்கள்

வேறு மாவட்டத்திலிருந்து இந்த வேலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும், "முன்பின் தெரியாதவர் மிட்டாய் கொடுத்தால் வாங்காதே" என்று தொடங்குவார்கள். குமரி மாவட்டத்தில் முன்பின் தெரியாதவர் என்று ஒருவரைப் பிள்ளைகளுக்குக் காட்டுவதே கடினம். வீடுகள் நெருங்கிக் கிடக்கும் ஊர்கள் இவை. படகில் அப்பாவோடு போகிறவர் சித்தப்பா, கடைக்காரர் மாமா, டியூஷன் எடுப்பவர் அண்ணன், வேன் ஓட்டுபவரும் அண்ணன்தான். உறவுமுறை சொல்லி அழைக்காத ஆளே இல்லை. தேசிய குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டுதோறும் வெளியிடும் கணக்கைப் பார்த்தால், கடுமையான போக்சோ வழக்குகளில் 10-க்கு 9-க்கும் மேற்பட்டவற்றில் குற்றம் சாட்டப்பட்டவர் குழந்தைக்குத் தெரிந்தவர். ஆகவே ஆளை வைத்து ஆபத்தை அடையாளம் காட்டாதீர்கள். ஆள் யாராக இருந்தாலும் செயலைப் பார்க்கச் சொல்லுங்கள்.

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதும் ஊருக்கு ஊர் மாறும். தூத்தூர், வள்ளவிளை, நீரோடி பக்கம் ஆழ்கடலுக்குப் போகும் அப்பாக்கள் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். குலசேகரம், கீரிப்பாறை பக்கம் ரப்பர் பால் வெட்டுக்கு விடியும் முன்பே பெற்றோர் கிளம்பிவிடுவார்கள். முந்திரி ஆலைக்கு, இங்கே சொல்வதுபோல அண்டியாபீசுக்கு, அம்மாக்கள் போய்விடுவார்கள். வளைகுடா நாட்டில் இருக்கும் அப்பா வீடியோ அழைப்பில்தான் வருவார். இந்த மனிதர்கள் யாரும் பொறுப்பற்றவர்கள் அல்லர், பிள்ளைகளுக்காகத்தான் உழைக்கிறார்கள். "அம்மாவிடம் போய்ச் சொல்" என்ற ஒற்றை வரி மட்டும் எல்லாப் பிள்ளைக்கும் உதவாது என்பதைப் புரிந்துகொண்டு வகுப்பைத் திட்டமிடுங்கள். களியக்காவிளை, கொல்லங்கோடு பக்கம் வீட்டில் மலையாளம் பேசும் பிள்ளைகளும் இருப்பார்கள். அந்த மொழி தெரிந்த ஒருவர் கூட இருக்கட்டும்.

பெற்றோர் கூட்டத்தை வகுப்புக்கு முந்தைய வாரமே வையுங்கள். வேலைக்குப் போகிறவர்கள் வரக்கூடிய நேரமாக இருக்க வேண்டும். ரப்பர் பகுதியில் பிற்பகல், கடற்கரையில் ஞாயிறு வழிபாடு முடிந்தபின் என்று ஊரைக் கேட்டு முடிவு செய்யுங்கள். "இந்த வயதில் இதையெல்லாம் சொன்னால் பிள்ளைகள் கெட்டுப்போக மாட்டார்களா?" என்று ஒரு தாத்தாவாவது கேட்பார். அவரை மடக்கிப் பேசாதீர்கள். அவருடைய கவலை நியாயமானது. கிணற்றங்கரைக்குப் போகாதே என்று சொல்வதால் பிள்ளைக்குக் கிணற்றில் குதிக்கும் ஆசை வந்துவிடாது என்று நான் சொல்வதுண்டு. பெற்றோரிடம் ஒரே ஒரு உறுதிமொழிதான் கேட்க வேண்டும்: பிள்ளை எதைச் சொன்னாலும் முதல் வார்த்தை திட்டாக இருக்கக் கூடாது, அடியாகவும் இருக்கக் கூடாது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். மாமாவுக்கு முத்தம் கொடு, பெரியவர் மடியில் உட்கார் என்று பிள்ளையைக் கட்டாயப்படுத்த வேண்டாம். கைகூப்பி வணக்கம் சொன்னாலே மரியாதைதான். வீட்டில் வேண்டாம் என்று சொல்ல அனுமதி இல்லாத பிள்ளை வெளியில் எப்படிச் சொல்லும்?

வகுப்பு

காலை வேளையில் எடுங்கள், செவ்வாய் அல்லது புதன் உத்தமம். வெள்ளிக்கிழமை வேண்டவே வேண்டாம். சொல்ல நினைக்கும் பிள்ளைக்கு யோசிக்கவும் உங்களைத் தேடி வரவும் நேரம் வேண்டும். வார இறுதியில், யாருக்குப் பயப்படுகிறதோ அந்த ஆள் இருக்கும் வீட்டுக்கே அது திரும்ப நேரிடலாம். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒலிபெருக்கி வைத்து நூற்றுக்கணக்கான பிள்ளைகளுக்குச் சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஒரு வகுப்பு, ஒரு அறை, வகுப்பு ஆசிரியர் கூடவே இருக்க வேண்டும். ஒன்று, இரண்டாம் வகுப்புக்கு இருபது நிமிடம் போதும்.

பிள்ளைகளுக்குத் தெரிந்த ஆபத்திலிருந்து தொடங்குங்கள். கடற்கரைப் பள்ளியில் நான் கள்ளக்கடலில் தொடங்குவேன். காற்றும் மழையும் இல்லாத நாளில், எங்கோ தொலைவில் கிளம்பிய அலை கரையேறி வருவதை அந்தப் பிள்ளைகள் பார்த்திருக்கிறார்கள். "கடல் அமைதியாகத் தெரிந்தாலும் எதைப் பார்த்து விலகுவீர்கள்?" என்று கேட்டால் என்னைவிட நன்றாகப் பதில் சொல்வார்கள். மலைப்பக்கப் பள்ளியில், வெயில் அடிக்கும்போதே திடீரென ஏறும் ஆற்று வெள்ளம். அங்கிருந்து, பார்க்க நல்லவராக இருப்பவரும் தவறான செயலைச் செய்யக்கூடும் என்ற இடத்துக்குப் போவது எளிது.

அடுத்து உடல். கண், காது, கை, வயிறு என்று சொல்லிக்கொண்டே வந்து, மார்பு, ஆண்குறி, பெண்குறி, பிட்டம் என்பதையும் அதே குரலில் சொல்லுங்கள். குரலைத் தாழ்த்தாதீர்கள், சிரிக்காதீர்கள். பிள்ளைகள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும், இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். ஒவ்வொரு வீட்டிலும் இந்த உறுப்புகளுக்கு ஒவ்வொரு செல்லப்பெயர் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்கே அது புரியாது. நாளைக்கு ஒரு பிள்ளை உதவி கேட்கும்போது, கேட்பவருக்குப் புரியும் சொல் அதன் வாயில் இருக்க வேண்டும். மழலை வகுப்பில் 'உள்ளாடை மூடும் இடங்கள்' என்று சொன்னால் போதும். உதட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

'நல்ல தொடுதல், கெட்ட தொடுதல்' என்றுதான் பல சுவரொட்டிகளில் இருக்கிறது. நான் அந்தச் சொற்களை விட்டுப் பல காலமாகிறது. ஊசி போடுவது வலிக்கும், ஆனால் அது கெட்டது அல்ல. தவறான தொடுதல் சில நேரம் வலிக்காது, கூச்சமாகவோ கிச்சுகிச்சு மூட்டுவது போலவோ இருக்கும். அப்போது பிள்ளை, "எனக்குக் கெட்டதாகத் தெரியவில்லையே, அப்படியானால் தப்பு என்னுடையதோ?" என்று குழம்பும். பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல் என்று சொல்லி, விதியை நேராகக் கொடுங்கள்: உன்னைச் சுத்தமாகவோ நலமாகவோ வைத்திருக்கத் தேவைப்பட்டால் தவிர, யாரும் அந்த இடங்களைத் தொடக் கூடாது, பார்க்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. தங்களுடையதைத் தொடச் சொல்லவும் கூடாது, காட்டவும் கூடாது. டாக்டர் பார்க்கலாம், அப்பாவோ அம்மாவோ பக்கத்தில் இருக்கும்போது. எந்த உதாரணத்துக்கும் ஒரு பிள்ளையை முன்னால் அழைத்துத் தொட்டுக் காட்டாதீர்கள். பொம்மையோ கரும்பலகையில் வரைந்த படமோ போதும்.

ரகசியம் பற்றிச் சொல்லும் பகுதியை எந்த வகுப்பிலும் விடாதீர்கள், பாதுகாப்பு வகுப்பின் உயிரே அதுதான். பிள்ளையைக் கெடுக்க நினைப்பவர் முதல் நாளே தொடுவதில்லை. செல்போனில் விளையாட விடுவார், திருவிழாவில் ராட்டினம் ஏற்றிவிடுவார், வீட்டில் திட்டு வாங்கிய நாளில் ஆறுதல் சொல்வார். பிறகு, "இதை அம்மாவிடம் சொல்லாதே" என்று சின்ன ரகசியங்களைப் பழக்குவார். அந்த ஐஸ்கிரீம் ரகசியத்தைப் பிள்ளை காப்பாற்றியது என்று தெரிந்தபின்தான் அடுத்தது. அதனால் பிள்ளைகளிடம் இப்படிச் சொல்லுங்கள்: தங்கைக்கு வாங்கி வைத்த பிறந்தநாள் பரிசும் ரகசியம்தான், ஆனால் அது ஒரு நாள் எல்லோருக்கும் தெரியும், தெரியும்போது எல்லோரும் மகிழ்வார்கள். எப்போதுமே சொல்லக் கூடாது என்று ஒரு பெரியவர் சொல்லும் ரகசியத்தைக் காப்பாற்ற வேண்டியதில்லை. சத்தியம் செய்திருந்தாலும் சொல்லலாம். கோயிலில் சத்தியம், பைபிள் மேல் சத்தியம் என்று பயந்து வாய் திறக்காத பிள்ளைகள் உண்டு. இதைத் தனியாக, தெளிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

'வேண்டாம் என்று சொல், விலகிப் போ, நம்பிக்கையானவரிடம் சொல்' என்று மூன்றையும் பழக்குங்கள். உடனே இதையும் சேருங்கள்: "பயத்தில் குரல் வராமல் போகலாம், கால் நகராமல் போகலாம். அப்படி ஆனாலும் தப்பு உன்னுடையது அல்ல. எத்தனை நாள் கழித்தும் சொல்லலாம்." இந்த வரி இல்லாவிட்டால், அன்று கத்த முடியாமல் போன பிள்ளை உங்கள் வகுப்பிலிருந்து கூடுதல் குற்ற உணர்ச்சியோடுதான் வெளியே போகும்.

பிறகு தாளில் கையை வைத்து வரையச் சொல்லுங்கள். ஐந்து விரலில் ஐந்து பேர். அவர்களில் இருவராவது வீட்டுக்கு வெளியே உள்ளவர்களாக இருக்கட்டும். "இவரிடம் இன்று சாயங்காலம் நான்கு மணிக்குப் பேச முடியுமா?" என்று கேளுங்கள். கடலில் இருக்கும் அப்பாவின் பெயரை எழுதிய பிள்ளை அப்போது யோசித்து, பக்கத்து வீட்டு மாமியின் பெயரைச் சேர்க்கும். ஒருவர் நம்பாவிட்டால் அடுத்த விரலுக்குப் போக வேண்டும், யாராவது நம்பும்வரை. தாள்களைப் பார்த்துக்கொண்டே வரும்போது ஒரு விரல்கூட நிரப்பாத பிள்ளை யார் என்று சத்தமில்லாமல் கவனியுங்கள்.

கேள்விகளைச் சீட்டில் வாங்குங்கள். எல்லோரும் எழுத வேண்டும். கேள்வி இல்லாதவர்கள் பிடித்த சாப்பாட்டின் பெயரை எழுதலாம். அப்போதுதான் பேனா பிடித்த பிள்ளை தனியாகத் தெரியாது. முதல் ஆண்டு நான் செய்த தவறுக்குப் பின் கற்றுக்கொண்ட முறை இது.

ஆண்பிள்ளைகளை வெளியே விளையாட அனுப்பிவிட்டுப் பெண்பிள்ளைகளுக்கு மட்டும் வகுப்பு எடுக்கச் சொல்லும் பள்ளிகள் இன்னும் இருக்கின்றன. ஒத்துக்கொள்ளாதீர்கள். மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில் 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் கேட்டார்கள். பாதிக்கு மேற்பட்டோர், நூற்றுக்கு 53 பேர், ஏதாவது ஒருவகைப் பாலியல் துன்புறுத்தலைச் சந்தித்ததாகச் சொன்னார்கள். அவர்களில் பாதிக்குச் சற்று மேல் ஆண்பிள்ளைகள். "ஆம்பளப் பையனுக்கு என்ன ஆகிவிடும்?" என்று கேட்கும் ஊரில் அந்தப் பையன்கள் யாரிடம் போய்ச் சொல்வார்கள்?

ஒன்பதாம் வகுப்புக்கு மேல் பேச்சு செல்போனுக்குப் போய்விடும். போகட்டும். படம் அனுப்பச் சொல்லி, பிறகு அதை வைத்து மிரட்டுவது எப்படி நடக்கிறது என்று படிப்படியாகச் சொல்லுங்கள். மிரட்டல் வந்தால் பணம் கொடுக்க வேண்டாம், உரையாடலை அழிக்க வேண்டாம், ஒரு பெரியவரிடம் காட்டி 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்கலாம். குழந்தைகளின் ஆபாசப் படத்தைப் பகிர்வது மட்டுமல்ல, பார்ப்பதும் வைத்திருப்பதும் குற்றம் என்று உச்ச நீதிமன்றம் 2024 செப்டம்பரில் தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே ஆசிரியர்களும் அத்தகைய படத்தை, "ஆதாரத்துக்கு" என்றுகூட யாருக்கும் அனுப்பக் கூடாது. போனைக் காவல்துறையிடம் அப்படியே ஒப்படைக்க வேண்டும்.

ஒரு பிள்ளை சொல்லிவிட்டால்

செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்துங்கள். பிறர் பார்வையில் இருக்கும், ஆனால் பேச்சுக் கேட்காத இடத்தில் உட்காருங்கள். பிள்ளை சொல்லும் வேகத்திலேயே கேளுங்கள். "அப்புறம்?" என்பதைத் தவிர அதிகம் கேட்காதீர்கள். "ஏன் போனாய்? ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?" என்ற கேள்விகள் பிள்ளைக்கு அடிபோல விழும். முகத்தில் அதிர்ச்சியைக் காட்டாமல் இருப்பது எனக்கும் எளிதாக வரவில்லை, பழக வேண்டியிருந்தது. சொல்லி முடித்ததும் மூன்று வாக்கியங்கள்: "நீ சொன்னது நல்லது மக்களே. நான் நம்புகிறேன். இதில் உன் தப்பு எதுவும் இல்லை." "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்காதீர்கள், அதைக் காப்பாற்ற உங்களால் முடியாது. "உன்னைப் பாதுகாக்கத் தேவையானவர்களிடம் மட்டும் சொல்வேன்" என்று உண்மையைச் சொல்லுங்கள்.

உடனே, பிள்ளையின் சொற்களிலேயே, தேதியும் நேரமும் போட்டு எழுதி வையுங்கள். அழகான தமிழுக்கு மாற்றாதீர்கள். உடலைப் பரிசோதிக்காதீர்கள். வேறு ஆசிரியர் முன் திரும்பச் சொல்ல வைக்காதீர்கள். குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்துக் கேட்காதீர்கள். அவருக்கு முன்கூட்டியே தெரிந்தால் பிள்ளையின் வாயை அடைக்க வழி கிடைத்துவிடும். அந்த ஆள் வீட்டிலேயே இருப்பவர் என்றால், வீட்டுக்கு போன் போடும் முன் 1098-ஐ அழைத்து ஆலோசனை கேளுங்கள்.

அன்றே காவல்துறைக்கும் தகவல் போக வேண்டும். 112-ஐ அழைக்கலாம், பக்கத்து மகளிர் காவல் நிலையத்துக்கும் போகலாம். காவல்துறை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டிலோ, பிள்ளை விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி பதிவு செய்ய வேண்டும். இயன்றவரை அவர் சப் இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரியாக இருப்பார். இரவில் எந்தக் குழந்தையையும் காவல் நிலையத்தில் வைக்கக் கூடாது. இவற்றைப் பெற்றோரிடம் சொன்னால் அவர்களுடைய பயத்தில் பாதி குறையும். வழக்கு முடியும்வரை கூடவே வர ஓர் உதவியாளரைக் குழந்தைகள் நலக் குழுவிடம் கேட்டுப் பெறலாம்.

சம்பவம் அண்மையில் நடந்திருந்தால் மருத்துவமனை தாமதிக்கக் கூடாது. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, அருகில் உள்ள வேறு மருத்துவமனையோ, அவசர சிகிச்சைக்கு முதல் தகவல் அறிக்கையைக் கேட்கக் கூடாது. எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். உடைகளைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டுக் கொண்டு போங்கள். பெண்பிள்ளையைப் பெண் மருத்துவர்தான் பரிசோதிக்க வேண்டும், பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ கூட இருக்கலாம்.

இரண்டாம் நாள் ஊர் வரும். ஊர்க் கமிட்டியில் பேசி முடித்துவிடலாம், பிள்ளைக்கு நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா, ஊர்ப் பெயர் கெட்டுவிடும் என்பார்கள். சொல்கிறவர்களில் நல்லவர்களும் இருப்பார்கள். கோபப்படாமல், ஆனால் நகராமல் நில்லுங்கள். இது பேசி முடிக்கும் வழக்கு அல்ல, தெரிந்தும் மறைத்தால் எல்லோரும் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று சொல்லுங்கள். பிள்ளையின் பெயர் வெளியே போகாது என்பதையும் சொல்லுங்கள். பெயர், முகவரி, பள்ளி, குடும்ப விவரம் எதையும் ஊடகத்தில் வெளியிடுவது தண்டனைக்குரியது. குமரி மாவட்டக் கிராமத்தில், "அந்தத் தெருவில், எட்டாம் வகுப்பு" என்ற இரண்டு விவரமே பெயரைச் சொன்னதற்குச் சமம். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரிகூட வரக் கூடாது.

இரண்டாவது முறை

இரண்டு வாரம் கழித்துத் திரும்பிப் போங்கள். புதிய பாடம் எதுவும் வேண்டாம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வராந்தாவில் உட்கார்ந்திருங்கள். முதல் வகுப்பில் நீங்கள் சொன்னதைப் பிள்ளைகள் வீட்டில் சோதித்துப் பார்த்திருப்பார்கள். ஒரு பிள்ளை சின்ன விஷயம் ஒன்றைச் சொல்லி, அம்மா திட்டுகிறாளா கேட்கிறாளா என்று பார்த்திருக்கும். போன ஆண்டு ஒரு பையன் மடித்து வைத்திருந்த தாளோடு வந்தான். நடுவிரலில் இருந்த பெயரை அடித்துவிட்டு, சத்துணவு அக்காவின் பெயரை எழுதியிருந்தான். "மாற்றலாமா டீச்சர்?" என்று கேட்டான். மாற்றலாம் என்றேன். அடித்த பெயர் யாருடையது என்று அங்கே வைத்துக் கேட்கவில்லை. மறுநாள் காலை முதல் பீரியடுக்கே அந்தப் பள்ளிக்கு மறுபடி போனேன்.